மின்மோட்டார் வண்டிக்கு மேலதிக மின்னேற்றி வேண்டுமா?

மோட்டார் வண்டி வைத்திருப்போர் மேலதிகச் சில்லொன்றைப் பின்பெட்டியில் இட்டுச் செல்லும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருவது. அவ்வழக்கம் மனத்தில் ஊன்றியிருத்தலினாலே போலும், மின்சாரத்தால் இயங்கும் வண்டியை வாங்குவோர், "மின்னேற்றி பழுதானால் என் செய்வது? கையோடு மற்றொன்றும் வாங்கி வைத்தல் வேண்டாமா?" என வினவுகின்றனர். 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீளத் திறக்கப்பட்டபின் நம் நாட்டில் இவ்வினா முன்னரிலும் மிகுதியாக எழுகின்றது. விற்போர் "வாங்குக" என்பர். அவர்க்கு அது வாணிகம். அயலார் "வீண் செலவு" என்பர்; அவர்க்கு வண்டியில்லை. இவ்விரு விடைகளையும் ஒருபுறம் வைத்து, பொருளின் இயல்பை நோக்கி விடை காண முயல்வோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். மின்னேற்றி என நாம் வழங்கும் அக்கம்பியும் பெட்டியும் உண்மையில் மின்னேற்றி அல்ல. வீட்டிற்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று அழுத்தத்தில் செக்கனுக்கு 100 முறை திசைமாறும் ஆடலோட்டம். வண்டியின் மின்கலவடுக்கோ நேரோட்டத்தை மாத்திரமே ஏற்கும். ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றி, வேண்டிய அழுத்தத்திற்கு உயர்த்தி, அடுக்கிற்கு ஊட்டும் சீராக்கி வண்டியினுள்ளேயே பொருத்தப்பட்டுள்ளது. அதுவே மெய்யான மின்னேற்றி. அது பழுதுறின், கம்பிகள் பத்து வாங்கி வைத்தாலும் வீட்டில் வண்டிக்கு மின்னூட்டல் இயலாது. விரைவு நிலையங்களில் நேரோட்டத்தை நேரே அடுக்கிற்கு ஊட்டும் முறை வேறு. அவற்றின் சீராக்கி நிலையத்திலேயே உள்ளது.

அங்ஙனமாயின் கம்பியின் நடுவே தொங்கும் பெட்டிக்குத் தொழில் யாது? அது வாயில் காப்போன். வண்டிக்கும் வீட்டிற்கும் இடையே ஒரு சிறு உரையாடலை அது நிகழ்த்துகின்றது. அவ்வுரையாடல் மாணாக்கர் அறிந்து மகிழத்தக்கது. பெட்டி முதலில் 12 வோல்ற்று அழுத்தத்தை ஒரு மெல்லிய கம்பி வழியே முன்வைத்துக் காத்திருக்கும். செருகியை வண்டியிற் செருகியதும் வண்டியினுள்ளிருக்கும் தடையொன்று சுற்றிற் சேர, அவ்வழுத்தம் 9 வோல்ற்றாகக் குறையும். "வண்டி வந்துவிட்டது" என்பதே அதன் பொருள். உடனே பெட்டி செக்கனுக்கு 1000 துடிப்புக்களை அனுப்பும். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கின்றது என்பதிலேயே செய்தி அடங்கியுள்ளது. உயர்ந்து நிற்கும் காலம் நூற்றுக்கு எத்தனை பங்கெனக் கண்டு அதனை 0.6 ஆற் பெருக்கினால், வண்டி எத்தனை அம்பியர் வரை இழுக்கலாம் என்பது பெறப்படும். நூற்றுக்கு 50 பங்காயின் 30 அம்பியர். 10 பங்காயின் 6 அம்பியர். வண்டி ஆயத்தமானதும் மற்றொரு தடையையும் சேர்க்க, அழுத்தம் 6 வோல்ற்றாகும். அதன் பின்னரே பெட்டியினுள்ளிருக்கும் மின்காந்த ஆளி மூடி, 230 வோல்ற்று மின்சாரம் வண்டியை அடையும். ஆதலாற்றான் கையில் வைத்திருக்கும் செருகியில், அது வண்டியிற் செருகப்படும் வரை, உயிர் இல்லை. மின்னொழுக்கு ஏற்படின் துண்டிப்பதும் இப்பெட்டியின் வேலையே. வீட்டில் புவித்தொடுப்பு உண்டா எனச் சோதித்து, இல்லையேல் மறுத்து நிற்கும் பெட்டிகளும் பல உள.

இனி, பழுது எங்கே நேரும்? கம்பியின் ஒரு முனையில் வண்டி, நடுவே பெட்டி, மறுமுனையில், பேச்சு வழக்கில் பிளக் பொயின்ற் எனப்படும் சுவர்க்குதை. அதற்கு அப்பால் வீட்டின் மின்னிணைப்பு; அதற்கும் அப்பால் வீதியின் வழங்கல். இவ்வைந்தனுள் எது கெட்டாலும் காலையில் வண்டி வெறுமையாகவே நிற்கும். மேலதிக மின்னேற்றி காப்பது இவற்றுள் நடுவேயுள்ள ஒன்றனை மாத்திரமே. எனினும் மக்கள் அஞ்சுவது பெட்டியைக் குறித்தே. அஞ்சவேண்டியது பெரும்பாலும் குதையைக் குறித்து என்பது என் கருத்து. அதனைச் சற்று விரிவாகக் கூறுவேன்.

நம் வீடுகளில் 2 கிலோவாற்று வலுவுடைய தேநீர்க் கேத்தலைச் செருகுகின்றோம். ஐந்து நிமிடத்தில் நீர் கொதித்துவிடும். மின்னழுத்திப் பெட்டி சூடேறியதும் தானே நின்று நின்று இயங்கும். இத்தகைய வேலைக்குக் குதை பழகியது. மின்வண்டியோ 10 அம்பியரை, அதாவது 2.3 கிலோவாற்றை, இடைவிடாது இரவு முழுதும் இழுக்கும். 24 கிலோவாற்று மணி கொள்ளளவுடைய பழைய நிசான் லீஃப் வண்டியை வெறுமையிலிருந்து நிரப்ப, இடையில் வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 12 மணிநேரம் செல்லும். 60 கிலோவாற்று மணி அடுக்குடைய புதிய வண்டியாயின் ஒரு முழு நாளும் போதாது. வீட்டில் வேறெந்தப் பொருளும் குதையொன்றினிடம் இத்துணைக் கடும் உழைப்பை வேண்டுவதில்லை.

குதையின் உள்ளே பித்தளை இதழ்கள் செருகியின் முள்ளைக் கவ்விப் பிடிக்கின்றன. நாட்பட அவை தளரும். கடற்காற்றுப் படும் ஊர்களிற் களிம்பும் ஏறும். பின்புறத்தே கம்பியை இறுக்கும் திருகாணி தளர்வதும் உண்டு. அவ்விடத்தே 0.1 ஓம் அளவான சிறு தடை தோன்றிவிட்டதென வைத்துக்கொள்வோம். யூலின் விதிப்படி வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. 10 அம்பியர் ஓடும்போது அவ்வொரு புள்ளியிற் பிறக்கும் வெப்பம் 10 வாற்று. 16 அம்பியராயின் 25.6 வாற்று. வானொலி திருத்துவோர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சிறு பற்றாசுக் கோலின் வலு 25 வாற்று என்பதை நினைவு கூர்க. அத்தகைய கோலொன்றைப் பிளாத்திக்குப் பெட்டிக்குள் வைத்து மூடி, வீட்டார் உறங்கும் வேளையில் எட்டு மணிநேரம் எரியவிடுதற்கு இஃது ஒப்பாகும். வெப்பத்தால் இதழ்கள் மேலும் தளரும். தளரத் தடை கூடும். தடை கூட வெப்பமும் பெருகும்.

உருகி இருக்கின்றதே எனச் சிலர் ஆறுதல் கொள்வர். சதுர முட்களையுடைய 13 அம்பியர்ச் செருகியினுள் உருகி இருப்பது உண்மையே. ஆயினும் அவ்வுருகி 16 அம்பியர் ஓடினவுடன் உருகிவிடுவதன்று. அதன் நியமத்தின்படி, குறித்த அளவின் 1.6 மடங்கினை, அதாவது 20.8 அம்பியரை, அரைமணிநேரமேனும் அது தாங்குதல் வேண்டும். மேலும், தளர்ந்த குதையில் மின்னோட்டம் கூடுவதேயில்லை. அதே 10 அம்பியர்தான் ஓடுகின்றது. உருகியும் சுற்றுடைப்பானும் ஓட்டம் கூடுவதை அறியுமேயன்றிக் குதை சுடுவதை அறியா. சில நல்ல கம்பிகளின் செருகியில் வெப்பமறியும் உணரி அமைக்கப்பட்டுள்ளது. அத்தகையது கிடைப்பின் விலை சற்று மிகினும் வாங்கத் தயங்கற்க.

அறிந்த இல்லம் ஒன்றில் நிகழ்ந்ததை இங்கே குறிப்பிடல் தகும். செருகியின் முள் கருகியதைக் கண்ட வீட்டார் மின்னேற்றியே கெட்டதெனத் துணிந்து, புதியதொன்றை வரவழைத்து, அதே குதையிற் செருகினர். இரண்டு கிழமைக்குள் அதன் முள்ளும் கருகிற்று. குதையைக் கழற்றிப் பார்த்தபோது பின்புறத் திருகாணியொன்று ஒரு சுற்றளவு தளர்ந்திருந்தது. பல்லாயிரம் ரூபா செலவிட்டு வாங்கிய மேலதிகக் கருவி, திருப்புளியால் ஒரு நிமிடத்திற் தீர்க்கத்தக்க குறைக்கு இரையாயிற்று.

மேலதிகச் சில்லிற்கும் மேலதிக மின்னேற்றிக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் புலப்படுகின்றது. வீதியிற் கிடந்த ஆணி ஒரு சில்லைத் துளைக்கும். பெட்டியில் உள்ள சில்லை அவ்வாணி தீண்டாது. இரண்டு பழுதுகளுக்கும் தொடர்பில்லை. கணிதமுறையாற் கூறின், முதற் கருவி ஓர் இரவிற் கெடும் வாய்ப்பு ஐந்நூற்றில் ஒன்றென்றும் இரண்டாவதன் வாய்ப்பும் அவ்வாறே என்றும் கொண்டால், இரண்டும் ஒரே இரவிற் கெடும் வாய்ப்பு இரண்டரை இலட்சத்தில் ஒன்று. ஆனால் இவ்வாறு பெருக்குதல் இரு பழுதுகளும் ஒன்றையொன்று சாராதபோதே பொருந்தும். இரண்டையும் கெடுக்கும் காரணம் ஒன்றேயாயின், இரண்டரை இலட்சம் என்னும் எண் வெறும் மயக்கம். வாய்ப்பு மீண்டும் ஐந்நூற்றில் ஒன்றை நோக்கியே விழும். நிகழ்தகவைப் பயிலும் மாணாக்கர் பலர் பெருக்கல் விதியை நினைவில் வைத்து, அதன் நிபந்தனையை மறந்துவிடுகின்றனர். வீட்டுப் பொருள்களை வாங்கும் பெரியோரும் அவ்வாறே.

பொதுக் காரணங்கள் எவையென நோக்கின், தளர்ந்த குதை ஒன்று, அதனைக் கூறினோம். மற்றொன்று வழங்கலில் எழும் மிகையழுத்தம். வீதியிற் செல்லும் முக்கட்ட வழங்கலில் நொதுமற் கம்பி அறுந்தால், 230 வோல்ற்று இருக்கவேண்டிய வீட்டில் அழுத்தம் 400 வோல்ற்றை அணுகுதலும் கூடும். சித்திரை, ஐப்பசி மாதங்களில் மாலை வேளைகளில் எழும் இடிமுழக்கமும் அத்தகையதே. அருகில் விழும் மின்னல் செருகியிருக்கும் கருவி யாவற்றையும் தாக்கும். இவ்விடத்தில் மேலதிகக் கம்பிக்கு ஒரு மெய்யான சிறப்பு உண்டு. பெட்டகத்தில் செருகப்படாமற் கிடப்பதை மின்னல் தீண்டாது. ஆனால் இரண்டையும் இரு குதைகளிற் செருகியே விட்டுவைக்கும் வீட்டில் இச்சிறப்பும் இல்லையாகின்றது. மின்னல் வண்டியினுள்ளிருக்கும் சீராக்கியையும் தாக்கியிருப்பின் மேலதிகக் கம்பி பயன்படாது என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது பொதுக்காரணம் புவித்தொடுப்பு. வடபகுதியிற் சுண்ணக்கல்லின்மீது மெல்லிய மண்படை கிடக்கின்றது. கோடையில் அம்மண் வறண்டபின், வீட்டின் புவிக்கம்பி நிலத்தோடு கொள்ளும் தொடுப்பின் தடை உயர்ந்துவிடும். மாரியில் ஒழுங்காக இயங்கிய பெட்டி ஆடி மாதத்திற் செந்நிற விளக்கைக் காட்டி மறுக்குமாயின், அது கெட்டதென எண்ணி வேறொன்றைத் தேடுதல் பிழை. நன்றாக ஆக்கப்பட்ட இரண்டாவது பெட்டியும் அவ்வாறே மறுக்கும். மறுக்காத மலிவான பெட்டியொன்று கிடைத்துவிட்டதென மகிழ்வார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. காவலனை நீக்கிக் கதவைத் திறந்து வைத்தவர் அவர்.

நான்காவது, வழங்கலே நின்றுவிடுதல். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திரார். அத்தகைய நாளில் மேலதிக மின்னேற்றி கயிற்றுக்குச் சமம். சிறு மின்பிறப்பாக்கியிலிருந்து ஊட்டலாமெனின், பலவற்றில் நொதுமற் கம்பி புவியோடு இணைக்கப்படாமையால் பெட்டி அதனையும் ஏற்க மறுக்கும். அக்காலத்திற்கு உதவுவது வேறொன்றுமன்று. அடுக்கை எப்பொழுதும் பாதிக்குக் கீழே இறங்கவிடாத பழக்கமே.

இத்துணையும் கூறியது மேலதிக மின்னேற்றி வேண்டாம் என்றற்கன்று. யாருக்கு வேண்டும் என்பதைப் பிரித்தறிதற்கே.

நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிறு வண்டியாயின் அதற்கு 6 அல்லது 7 அலகு மின்சாரம் போதும்; 10 அம்பியரில் மூன்று மணிநேரம். அவருடைய அடுக்கு 50 கிலோவாற்று மணியாயின், கருவி கெட்டாலும் நான்கைந்து நாள் வண்டி ஓடும். அதற்குள் வேறு கருவி வாங்கலாம். நகரத்து விரைவு நிலையத்திற்கும் சென்று வரலாம். அவருக்கு மேலதிகம் வேண்டியதில்லை. மாறாக, நாட்பட்டுத் தேய்ந்த 24 கிலோவாற்று மணி அடுக்கோடு, நிலையம் எதுவும் அருகில் இல்லாத ஊரில், அன்றாடம் பாடசாலைக்கோ மருத்துவமனைக்கோ 60 கிலோமீற்றர் சென்று வருபவர்க்கு ஓரிரவு தவறினாலே மறுநாள் தவறிவிடும். அவர் வைத்திருத்தல் முறையே. இரவு வேளையில் அழைக்கப்படும் மருத்துவரும் மருத்துவத் தாதியும் இவ்வகையினரே.

சுவரில் நிலையாகப் பொருத்தும் மின்னூட்டற் கருவி வைத்திருப்போர் மூன்றாம் வகையினர். அவர்க்கு வண்டியோடு வந்த கைக்கம்பியே மேலதிகமாகும். புதிதாக ஒன்றும் வாங்கவேண்டா. இவ்வமைப்பே யாவற்றினும் சிறந்ததென்பேன். ஏனெனில் ஒன்று தனிக்கம்பியிற் குதையின்றி நேரே இணைக்கப்பட்டது. மற்றது வேறொரு சுற்றிலுள்ள குதையில் இயங்குவது. இரண்டின் பழுதுகளுக்கும் பொதுக்காரணம் மிகக் குறைவு. எனினும் ஓர் எச்சரிக்கை. இத்தகைய சுவர்க்கருவிகள் பல 32 அம்பியர், அதாவது ஏழேகாற் கிலோவாற்று அளவின. நம் நாட்டு வீடுகள் பலவற்றிற்கு உள்ளது 30 அம்பியர் ஒற்றைக்கட்ட இணைப்பே. கருவியை 16 அம்பியருக்குக் குறைத்து அமைக்குமாறு மின்னிணைப்பாளரிடம் கூறல் வேண்டும். இல்லையேல் சமையலறையில் கேத்தலைப் போட்டதும் வீடு இருளும்.

ஆதலின் கையிற் பணம் அளவாக இருப்பின், செலவு செய்யும் ஒழுங்கு இதுவெனத் துணிவேன். முதலில், வண்டிக்கெனப் பிரதான பலகையிலிருந்து தனிக்கம்பி இழுத்து, அதற்கெனத் தனிச் சுற்றுடைப்பானும், பேச்சில் ட்ரிப் சுவிச் எனப்படும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பானும் அமைத்து, நல்ல குதையொன்றைப் பொருத்துக. புவித்தொடுப்பின் தடையைக் கோடையில் அளப்பிக்க. அதன் பின்னரும் பணமும் தேவையும் இருப்பின் மேலதிகக் கம்பியை நாடுக. இவ்வொழுங்கு தலைகீழாகவே பெரும்பாலும் நிகழ்கின்றது. கம்பியைக் கடையில் வாங்கலாம், மின்னிணைப்பாளரைத் தேடிப் பிடித்தல் வேண்டும் என்பதே காரணம்.

வாங்குங்கால் முனையின் வகையை முதலில் நோக்குக. யப்பானிலிருந்து வந்த லீஃப் போன்ற வண்டிகளுக்கு ஐந்து ஊசித் துளைகளையுடைய முதலாம் வகை. ஐரோப்பிய முறையைத் தழுவியவற்றிற்கு ஏழு துளைகளையுடைய இரண்டாம் வகை. சீனத்தின் உள்நாட்டுச் சந்தைக்கென ஆக்கப்பட்டவற்றிற்கு அந்நாட்டு நியமத்தின்படி மற்றொன்று. இது பார்வைக்கு இரண்டாம் வகையை ஒத்திருப்பினும் ஆணும் பெண்ணும் மாறிய அமைப்புடையது. ஒன்றற்கு மற்றொன்று பொருந்தாது. யப்பானில் வீட்டு வழங்கல் 100 வோல்ற்றும், வண்டிக்கெனத் தனியே அமைப்பது 200 வோல்ற்றுமாகும். அந்நாட்டிலிருந்து வண்டியோடு வந்த பெட்டி நமது 230 வோல்ற்றுக்கு உரியதுதானா என்பதை அதன் முதுகில் ஒட்டிய தாளிற் பார்த்தல் வேண்டும். விற்பவர் வாய்ச்சொல் போதாது. மின்னோட்டத்தை 6, 8, 10 அம்பியர் எனக் குறைத்துக்கொள்ளத்தக்க பெட்டி மேலதிகத்திற்கு மிகப் பொருத்தமானது. சாதாரணச் சதுர முட்செருகியோடு "16 அம்பியர்" எனவும் "32 அம்பியர்" எனவும் பெருமையாக எழுதி விற்கப்படுவனவற்றை வீட்டு வாயிலுக்குள்ளும் விடற்க.

வைக்கும் இடமும் ஆராயத்தக்கதே. பலர் மேலதிகத்தைப் பின்பெட்டியிலேயே நிலையாக விட்டுவிடுவர். வெயிலில் நிற்கும் வண்டியின் உள்ளே பெட்டியும் கம்பியுறையும் நாள்தோறும் வெந்து கொண்டிருக்கும். அன்றாடம் ஊருக்குள் ஓடும் வண்டியாயின் வீட்டினுள் உலர்ந்த இடத்தில் வைத்து, நெடும்பயணத்தின்போது மாத்திரம் எடுத்துச் செல்க. மூன்று மாதத்திற்கு ஒருமுறை முதற்கம்பியை ஓய்வாக விட்டு, ஓரிரவு மேலதிகத்தால் மின்னூட்டிப் பார்த்தல் வேண்டும். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறையும் செருகிப் பாராத கருவி இயங்கும் என்பது நம்பிக்கையேயன்றி அறிவன்று. ஒரு மணிநேரம் சென்றபின் ஆளியை நிறுத்திச் செருகியைக் கழற்றி, அதன் முட்புறத்திற்குப் புறங்கையை அணுக்கிப் பார்க்க. இளஞ்சூடு இயல்பு; கையை வைத்திருக்க இயலாத சூடாயின் குதையைக் கழற்றும் வரை மீண்டும் செருகற்க.

நெடும்பயணத்தில், பிறர் வீட்டிற் கம்பியைச் செருக நேரும்போது, மேற்கூறிய யாவும் இரட்டிப்பு வலிமையோடு பொருந்தும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர். பழைய வண்டியோடு புறப்படுவார் இடையிற் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ உறவினர் இல்லத்தில் மின்னூட்ட எண்ணுதல் இயல்பு. அவ்வில்லத்துக் குதையின் வயதை நாம் அறியோம். சில வேளை வீட்டாரும் அறியார். விறாந்தையிலுள்ள விளக்குக்கும் விசிறிக்கும் என இழுத்த மெல்லிய கம்பியிலேயே குதையும் சேர்க்கப்பட்டிருத்தல் கூடும். ஆங்கு 6 அம்பியரே போதுமெனக் கொள்க. மணிக்கு 8 கிலோமீற்றர் அளவே சேருமாயினும் மதிய உணவும் சிறு துயிலும் கழியுமுன் 20 கிலோமீற்றருக்கு மேற் கிடைக்கும். நீட்டற்கம்பி பயன்படுத்தல் தவிர்க்கவியலாததாயின், உருளையிற் சுற்றிய கம்பியை முழுவதும் விரித்துப் போடுதல் வேண்டும். சுற்றியபடியே விட்டால் உட்சுற்றுக்களின் வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகும். விருந்தளித்தவர்க்கு மின்கட்டணமாக இரண்டு மூன்று அலகின் விலையைக் கொடுக்க முற்படின் அவர் வாங்கமாட்டார். ஆயினும் குதை சுடுகின்றதா என வந்து பார்க்கும் வேலையை அவரிடம் விட்டுவிட்டு நாம் உறங்குதல் முறையன்று.